விடையும் வழியும்

நுழையும்முன்

கணக்கைப் போடுவது ஒன்று. போட்ட வழியைப் பிறர் படித்தறியும்படி எழுதுவது மற்றொன்று. முதலாவதற்கு நம் வகுப்பறைகளில் நிறைய இடமுண்டு. இரண்டாவதற்கு மிகக் குறைவு. கேள்வியைப் பொதுவில் வைத்தல், விடையைக் காரணத்தோடு எழுதுதல், எழுதியதைப் பிறர் வினாவுக்கு உட்படுத்துதல் ஆகியவை கணிதக் கல்வியில் என்ன மாற்றத்தை உண்டாக்கும் என்பதைத் தமிழ்நாட்டின் கணித வரலாற்றோடு சேர்த்து இப்பாடம் ஆராய்கிறது.

துண்டுக்குள் ஒரு கணக்கு

பொள்ளாச்சி மாட்டுச்சந்தை தென்னிந்தியாவின் பெயர்பெற்ற சந்தைகளுள் ஒன்று. தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வணிகர்கள் அங்கே கூடுவர். மாட்டுச்சந்தைகளில் விலை பேசும் முறை ஒன்று வழிவழியாக இருந்து வருகிறது. தரகரும் வணிகரும் கைகோத்துக்கொள்வர். கைகளின்மேல் ஒரு துண்டு போர்த்தப்படும். அதற்குப்பின் வாய் பேசாது, விரல்களே பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு தொகை, இரண்டைப் பிடித்தால் வேறொரு தொகை. கூட்டலும் கழித்தலும் துண்டுக்குள்ளேயே நடந்து முடியும். இருவர் முகத்தையும் சுற்றி நிற்போர் உற்றுப் பார்த்தாலும் என்ன விலைக்கு முடிந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அடுத்த மாட்டின் விலையை இந்த மாட்டின் விலை கெடுத்துவிடக் கூடாது என்பதால் வணிகத்துக்கு அம்மறைவு தேவைப்படுகிறது.

கணித வகுப்புக்கு அது தேவையில்லை. ஆயினும் அங்கேயும் ஒரு துண்டு விரிக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர் கணக்கைக் கொடுக்கிறார். மாணவர் குனிந்து போடுகிறார். விடை 12 என்று வருகிறது. நூலின் பின்பக்கத்திலும் 12 என்றே இருந்தால் சரி என்ற குறி விழுகிறது. நாற்பது பேர் அமர்ந்துள்ள அறையில் நாற்பது கணக்குகள் தனித்தனியே மறைவில் நடக்கின்றன. பக்கத்தில் இருப்பவர் எந்த வழியில் போனார், எங்கே திணறினார், எதை முயன்று கைவிட்டார் என்பது எவருக்கும் தெரிவதில்லை.

தேர்வில் படிநிலைகளுக்கு மதிப்பெண் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் படிநிலை வேறு, காரணம் வேறு. முதல் வரிக்குக் கீழே இரண்டாம் வரியை எழுதுவது படிநிலை. முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்குப் போக உரிமை தந்தது எது என்று சொல்வது காரணம். படிநிலைகளை மனப்பாடம் செய்துவிடலாம். காரணத்தைத் தம் சொற்களில் எழுத வேண்டுமென்றால் புரிந்திருக்க வேண்டும்.

மனப்பாடமும் காரணமும்

பழைய தமிழ்க் கல்வியில் கணக்குக்கு உயர்ந்த இடம் இருந்தது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பிள்ளைகள் நாள்தோறும் உரக்கச் சொல்லி மனத்தில் பதித்தனர். முந்திரி 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, மா 20இல் ஒரு பங்கு என்று நுண்ணிய பின்னங்கள் வரை அவர்கள் நாவில் நின்றன. நெல்லளப்பதும் நிலமளப்பதும் கூலி பகிர்வதும் அந்த நினைவாற்றலை நம்பியே நடந்தன. அதை இகழ்வதற்கு இன்று கையடக்கக் கணிப்பான் வைத்திருப்பவர்க்கு உரிமை இல்லை.

காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் இக்கல்வி மரபின் சிறந்த நூல். கணக்கு முறைகளை அது செய்யுளாகச் சொல்கிறது. பலாப்பழத்தை அறுக்காமலே அதனுள் இருக்கும் சுளைகளை எண்ணும் வழி அதில் பலரும் எடுத்துக்காட்டும் பகுதி. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அவ்வழி. ஐம்பது முட்கள் இருந்தால் அறுபது சுளைகள். செய்யுள் எளிதில் மனத்தில் பதியும், தலைமுறைகளைத் தாண்டும். ஆனால் ஏன் ஆறு, ஏன் ஐந்து என்னும் கேள்விக்குச் செய்யுளில் இடமில்லை. ஒருவர் பல பழங்களை அறுத்து எண்ணிப் பார்த்துத்தான் இவ்விகிதத்தை நெருங்கியிருக்க முடியும். எத்தனை பழங்கள்? எவ்வளவு பிழை வந்தது? முடிவு நமக்குக் கிடைத்தது, வழி கிடைக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதிய காலத்தில் சுருக்கம் கட்டாயத் தேவை. அதனால் அந்நூலாரைக் குறைகூற இயலாது. தாளும் மையும் மலிந்த காலத்திலும் அதே சுருக்கத்தைப் பழக்கமாக வைத்திருப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்தினார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். கற்ற மாணவரே கல்லாத மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். இங்கிலாந்து திரும்பி 1797இல் இதைப் பற்றி நூல் எழுதினார். அங்கே இதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர் வழங்கியது. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை முறையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிறருக்கு விளக்கும்போதே தனக்குத் தெளிவு பிறக்கிறது என்பதே இம்முறையின் அடிப்படை.

ஒரு கம்பியின் நீளம்

பாட்டாக வந்த கணக்கு முறையொன்றை எடுத்து, அதனை எழுதி ஆராய்ந்தால் என்ன நேரும் என்று பார்ப்போம். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் காணாமலே அறிவதற்குத் தமிழில் வாய்மொழியாக வழங்கும் பாடல் ஒன்று உண்டு. அதன் பொருள் இதுதான்: அடிப்பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளுக, எஞ்சியதோடு உயரத்தில் பாதியைச் சேர்க்க, வருவது கர்ணம்.

பொள்ளாச்சிப் பகுதியின் தென்னந்தோப்பு ஒன்றில் காற்றுக்குச் சாயும் இளமரத்தை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். தரையிலிருந்து 15 அடி உயரத்தில் கம்பியைக் கட்டி, மரத்தடியிலிருந்து 20 அடி தொலைவில் முளையடித்து முடிய வேண்டும். கம்பியின் நீளம் என்ன? 20இல் எட்டில் ஒரு பங்கைத் தள்ளினால் 17.5. உயரத்தில் பாதி 7.5. கூட்டினால் 25. பிதாகரஸ் தேற்றத்தின்படியும் 225ஐயும் 400ஐயும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 25தான். துல்லியமாகப் பொருந்துகிறது!

இதைக் கண்டவர் பலர் இங்கேயே நின்றுவிடுவர். வர்க்கமூலமே வேண்டாத முறையை நம் முன்னோர் கண்டனர் என்று பெருமை பேசிப் பிறருக்கும் அனுப்புவர். அதே கணக்கை ஒரு மாணவி தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால், மறுநாள் வேறொரு மாணவர் அதன்கீழ் இப்படி எழுதியிருக்கக் கூடும்: “உயரமும் 20 அடி, தொலைவும் 20 அடி என்றால் பாடல் 27.5 என்கிறது. தேற்றம் 28.28 என்கிறது. கம்பி ஒன்பது அங்குலம் போதாமல் போய்விடுமே?” மூன்றாமவர் இன்னும் குறும்பானவர்: “முளையை 10 அடியிலும் கட்டை 30 அடி உயரத்திலும் வைத்தால் பாடல் 23.75 அடி என்கிறது. கம்பி மரத்தின் கட்டு வரைக்கும்கூட எட்டாது!”

இப்போதுதான் உண்மையான கணிதக் கேள்வி பிறக்கிறது. பாடல் எப்போது சரியாக வருகிறது, எப்போது தவறுகிறது? பதினோராம் வகுப்பு மாணவர்க்கு இதைக் கண்டறியும் கருவி கையிலேயே இருக்கிறது. அடிப்பக்கம் உயரத்தைப்போல் க மடங்கு எனக் கொள்க. உயரத்தை 1 என வைத்தால், பாடல் தரும் நீளம் 7க/8 + 1/2. இதன் வர்க்கம் க² + 1க்குச் சமமாக வேண்டும். விரித்துச் சுருக்கினால் கிடைப்பது

15க² − 56க + 48 = 0

என்னும் இருபடிச் சமன்பாடு. இதனை (3க − 4)(5க − 12) = 0 என்று காரணிப்படுத்தலாம். ஆகவே க = 4/3 அல்லது க = 12/5. அடிப்பக்கத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4 : 3 ஆகவோ 12 : 5 ஆகவோ இருக்கும்போது மட்டுமே பாடல் முழுத்துல்லியமாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் யாவரும் அறிந்த 3, 4, 5 முக்கோணமும் 5, 12, 13 முக்கோணமும் இவையே. எடுத்துக்காட்டுக்கு எப்போதும் இவ்விரண்டையே எடுத்தால் பாடல் ஒருபோதும் தவறாது என்ற மயக்கம் வருவது இயல்பு. இவ்விரு விகிதங்களுக்கும் இடையில் பாடல் சற்று மிகுதியாகச் சொல்கிறது: 15, 8 என்னும் பக்கங்களுக்கு 17 வர வேண்டிய இடத்தில் 17.125 வரும். அவற்றுக்கு வெளியே குறைத்துச் சொல்கிறது.

இதனால் பாடலின் மதிப்பு குறைந்துவிடவில்லை. நீண்ட பக்கத்தை அடிப்பக்கமாகக் கொண்டால், தச்சர்க்கும் கொத்தர்க்கும் விரைவுக் கணக்குக்கு உதவும் நல்ல தோராயம் அது. எங்கே உதவும், எங்கே உதவாது என்று எல்லை குறித்துச் சொல்வதுதான் பெருமை பேசுவதைவிட அதற்குச் செய்யும் மரியாதை. அந்த எல்லை மூவர் எழுதி, ஒருவரை ஒருவர் வினவியதால் வெளிப்பட்டது.

மூன்று இதழ்கள் காத்திருந்த கேள்வி

கேள்வியைப் பொதுவில் வைக்கும் இப்பழக்கம் புதிதன்று. 1907இல் வி. இராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினார். அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். துணை ஆட்சியராகப் பணியாற்றியவர். கணித நூல்களும் இதழ்களும் ஊருக்கு ஊர் கிடைக்காத காலம் அது. உறுப்பினர்கள் பணம் திரட்டி அவற்றை வரவழைத்து, அஞ்சல்வழி ஒருவருக்கொருவர் அனுப்பிப் படித்தனர். விரைவில் கழகத்துக்கென ஓர் இதழும் உருவாயிற்று. கேள்விகளுக்கும் விடைகளுக்கும் அதில் தனிப்பகுதி இருந்தது. யாரும் கேட்கலாம், வாசகர் எவரும் விடை எழுதலாம், சிறந்த விடை விடுத்தவர் பெயரோடு அச்சாகும்.

1911இல் அப்பகுதியில் வந்த கேள்வி ஒன்று: கீழுள்ளதன் மதிப்பைக் காண்க.

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

கேட்டவர் கும்பகோணத்தில் வளர்ந்த, கல்லூரித் தேர்வில் தோற்ற, அப்போது நிலையான வேலையில்லாத சீனிவாச இராமானுஜன். மூன்று இதழ்கள் வெளிவந்தன. ஆறு மாதங்கள் கடந்தன. விடை எவரிடமிருந்தும் வரவில்லை. பின்னர் அவரே விடை எழுதினார். மதிப்பு 3.

அவ்விடைக்குப் பின்னுள்ள உண்மை எட்டாம் வகுப்பு மாணவருக்கும் விளங்கக்கூடியது. எந்த எண்ணின் வர்க்கத்திலிருந்தும் ஒன்றைக் கழித்தால், அவ்வெண்ணின் இருபக்கத்து எண்களின் பெருக்கம் கிடைக்கும். 3இன் வர்க்கம் 9. ஒன்று போக 8. அது 2 × 4. ஆகவே 3 = √(1 + 2 × 4). அதே வகையில் 4 = √(1 + 3 × 5), 5 = √(1 + 4 × 6). முதலாவதிலுள்ள 4க்குப் பதிலாக இரண்டாவதை வைக்க. அதிலுள்ள 5க்குப் பதிலாக மூன்றாவதை வைக்க. இப்படி வைத்துக்கொண்டே போனால் இராமானுஜன் கேட்ட தொடர் கண்முன் விரியும்.

தெளிவாகத்தானே இருக்கிறது? வகுப்பில் இதனை எழுதி ஒட்டி, மாணவர் வினாவுக்கு விட்டுப் பார்க்கலாம். கூர்மையான மாணவர் ஒருவர் இப்படிக் கேட்கக்கூடும்: “4இன் வர்க்கம் 16. ஒன்று போக 15. அது 2 × 7.5. 7.5இன் வர்க்கம் 56.25. ஒன்று போக 55.25, அதை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 18.42. இப்படியே நானும் போய்க்கொண்டிருக்கலாமே! அப்படியானால் விடை 4 என்றும் சொல்லலாமா?”

அருமையான கேள்வி. தொடக்க எண் 3 ஆனால் உள்ளே வருபவை 4, 5, 6, 7 என ஒழுங்காக வளர்கின்றன. 4 ஆனால் 7.5, 18.4, 84.5 எனத் தாறுமாறாகப் பெருகுகின்றன. வேறுபாடு தெரிகிறது, ஆனால் தெரிவது மட்டும் நிறுவல் ஆகாது. முடிவில்லாத ஒன்றின் மதிப்பு எனும்போது எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்திக் கணக்கிட்டு, நிறுத்தும் இடத்தைத் தள்ளிக்கொண்டே போவது ஒரு வழி. √(1 + 2) என்று நிறுத்தினால் 1.73. அடுத்த படியில் 2.24. அதற்கடுத்து 2.56. பிறகு 2.76. ஏறிக்கொண்டே வருகிறது. ஆயினும் 3ஐத் தாண்ட இயலாது. ஏனென்றால் நிறுத்தும் இடத்தில், உள்ளே இருக்க வேண்டிய பெரிய எண்ணுக்குப் பதிலாக வெறும் 1ஐ வைத்திருக்கிறோம். 3ஐயே தாண்டாதது 4ஐ எட்டுவது எங்ஙனம்? இவ்வகை மூலத்தொடர்கள் எப்போது ஒரு மதிப்பை நோக்கி ஒருங்கும் என்பதற்குரிய பொதுவிதியைப் பிற்காலத்தில் தந்தவர் தி. விஜயராகவன் என்னும் தமிழகக் கணித அறிஞரே. ஓர் இதழின் கேள்விப் பகுதியில் வந்த ஒரு வரி அடுத்த தலைமுறைக்கு ஆய்வுப்பொருள் ஆயிற்று.

அவ்விதழில் இராமானுஜன் எழுப்பிய கேள்விகள் ஐம்பதுக்கும் மேல்.

சிலேட்டில் அழிந்தவை

இராமானுஜனுக்கு எழுதுவது எளிதாக வரவில்லை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பதினாறு வயதளவில் அவர் கைக்குக் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல், ஆயிரக்கணக்கான தேற்றங்களை நிரல்படுத்தியது. நிறுவல்களைப் பெரும்பாலும் குறிப்பளவில் விட்டுவிட்டது. அதைப் படித்தே வளர்ந்ததால் அவருடைய எழுத்தும் அவ்வாறே அமைந்தது. வறுமை மற்றொரு காரணம். தாள் வாங்கக் காசில்லை. கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சிலேட்டில் கணக்கைப் போடுவார், முழங்கையாலேயே அழிப்பார், மீண்டும் போடுவார். முடிவு மட்டும் குறிப்பேட்டில் ஏறும். வழி முழங்கையோடு போய்விடும்.

1911இல் பெர்னோலி எண்களைப் பற்றிய அவரது முதல் கட்டுரை கழக இதழில் வெளிவந்தது. இதழாசிரியர் பெங்களூர்ப் பேராசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார். கட்டுரை உடனே அச்சேறவில்லை. அதன் முறைகள் சுருக்கமும் புதுமையும் கொண்டிருந்தன. விளக்கமோ தெளிவின்றி இருந்தது. சாதாரண வாசகர் பின்தொடர முடியாது என்ற நிலை. அதனால் இதழாசிரியருக்கும் கட்டுரையாளருக்கும் இடையே கைப்படி போய் வந்து, திருத்தம் பெற்ற பின்னரே அச்சாயிற்று. அந்த இதழாசிரியரின் பொறுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டம் பெறாத ஓர் இளைஞரின் தாளைக் குப்பையில் இடாமல், புரியவில்லை, விளக்கி எழுதுக என்று திருப்பி அனுப்பியவர் அவர். ஆசிரியப் பணியில் இதைவிடப் பெரிய செயல் அதிகமில்லை.

1913 ஜனவரியில் இராமானுஜன் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குத் தம் முடிவுகள் பலவற்றை எழுதியனுப்பினார். ஹார்டி பெரிதும் வியந்தார்; வியந்தவர் மறுமொழியில் கேட்டது நிறுவல்களைத்தான். கேட்டதில் நியாயம் இருந்தது. அம்முடிவுகளுள் பல, உலகம் அதுவரை காணாதவை. ஆனால் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் கண்டிருந்த முடிவில் பிழை இருந்தது. வழி எழுதப்படாதபோது பொன்னையும் பித்தளையையும் பிரித்தறிவது ஹார்டி போன்றவர்க்கே அரிதாயிற்று.

1920 ஏப்ரல் 26இல், 32ஆம் வயதில் இராமானுஜன் மறைந்தார். குறிப்பேடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருந்தன, வழிகள் இல்லை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் குறிப்பேடுகளை உள்ளபடியே படியெடுத்து வெளியிட்டது. அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் அவற்றிலுள்ள முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுவி, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். ஒருவர் சிலேட்டில் அழித்ததை மீட்டெடுக்கப் பலருடைய வாழ்நாள் உழைப்பு தேவைப்பட்டது. இராமானுஜன் கண்ட வழிகள்தாமா அவை என்றால், அதை எவரும் சொல்ல இயலாது.

வகுப்பறைக்குள்

மேதையின் கதையை வகுப்பறைக்குக் கொண்டுவருவதில் ஓர் இடர் உண்டு. எழுதாமலே இராமானுஜன் இராமானுஜன் ஆகிவிட்டாரே என்று மாணவர் கேட்டுவிடுவர். இதழும் இதழாசிரியரும் வாசகரும் இல்லாதிருந்தால் அவர் கும்பகோணத்துத் திண்ணையோடு நின்றிருப்பார் என்பதே அதற்கு விடை. மேதைக்கே வாசகர் தேவைப்பட்டனர் என்றால் மற்றவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகப் பணியாற்றிய பி. கே. சீனிவாசன் இதை உணர்ந்தவர். இராமானுஜனைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968இல் வெளியிட்டார். 1993இல் சென்னை இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் உருவாக்கினார். பெரிய கணித அறிஞரின் நினைவைப் போற்றியவர், பள்ளிப் பிள்ளைகள் தாமே செய்து பார்த்துக் காட்டும் கணிதத்துக்கும் அதே அளவு இடம் தந்தார்.

நம் பள்ளிகளில் கையெழுத்து இதழ் நடத்தும் மரபு பழையது. கதையும் கவிதையும் துணுக்கும் அதில் வரும், கணக்கு வருவதில்லை. வகுப்பறைச் சுவரில் ஒரு பலகையைக் கணக்குக்கென ஒதுக்கினாலே போதும். வாரம் ஒரு கேள்வி ஒட்டப்பட வேண்டும். கேள்வி நூலிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. தேங்காய் மட்டையிலிருந்து திரிக்கும் கயிற்றைச் சுருளாகச் சுற்றினால் சுற்றுக்குச் சுற்று எவ்வளவு நீளம் கூடும்? ஆழியாறு அணையின் நீர்மட்டம் ஓரடி உயர்ந்தால் கொள்ளும் நீர் எப்போதும் ஒரே அளவுதானா? அணை மேலே போகப்போக அகன்றிருந்தால்? இத்தகைய கேள்விகளில் முதல் வேலை கணக்குப் போடுவதன்று. எது தெரியும், எது தெரியாது, எதை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதுவதே முதல் வேலை. விடை எழுதுவோர் பெயரைப் போட வேண்டும். விடையின்கீழ் வினா எழுப்புவோரும் பெயரைப் போட வேண்டும். தவறான முயற்சியை அழித்துவிடாமல் ஒரு கோடிட்டு, ஏன் தவறு என்று பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதி கடினமானது. பலன் மிகுதியாகத் தருவதும் அதுவே.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. பாடத்திட்டம் நீளம், பொதுத்தேர்வு அருகில். நாற்பது பேர் எழுதியதை ஓர் ஆசிரியர் படிப்பதற்கு நேரம் வேண்டும். எனவே எல்லாவற்றையும் ஆசிரியரே திருத்த முனையக் கூடாது. மாணவரின் வினாவே பெரும்பகுதித் திருத்தத்தைச் செய்துவிடும். நன்றாகப் படிக்கும் ஓரிருவரே பலகையை நிரப்பிவிடுவதும் நேர்வதுண்டு. வாரந்தோறும் முதலில் எழுத வேண்டியவரை முறைவைத்தால் இது தணியும். பிறர் விடையைப் பார்த்தெழுதும் சிக்கலும் உண்டு. ஆனால் விடையைப் பார்த்தெழுதுவது எளிது. பிறருடைய காரணத்தைப் பார்த்தெழுதிவிட்டு, அடுத்த நாள் அதன்மேல் எழும் வினாவுக்கு மறுமொழி தருவது எளிதன்று.

மொழி பற்றிய தயக்கமே இவற்றுள் பெரிது. கணக்குக்கு எண்ணும் குறியும் போதும், சொல் எதற்கு என்று கருதுவோர் பலர். கணக்கைத் தமிழில் எழுதினால் கல்லூரிக்குப் போகும்போது பயன்படாது என்று அஞ்சுவோரும் உளர். கலைச்சொல்லை வேறுமொழியில் மாற்றிக்கொள்ள ஒரு மாதம் போதும். ஆகவே, ஏனெனில், எனினும், எனக் கொள்க, ஆயின் மட்டுமே என்னும் சொற்கள் இடம் மாறினால் பொருள் மாறும் என்னும் உணர்வை அப்படி ஒரு மாதத்தில் பெற முடியாது. வீட்டிலும் தோப்பிலும் சந்தையிலும் பேசும் மொழியில் அவ்வுணர்வு வாய்த்தவர் எம்மொழிக்கும் அதனை எடுத்துச் செல்வர். தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் ஒரே தாளைத் திருத்துவதற்கு இடம் இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

செங்கோண முக்கோணத்தின் கர்ணம் பற்றிய பாடல்முறையில் எட்டில் ஒரு கூற்றைத் தள்ளுவதற்குப் பதிலாக ஒன்பதில் ஒரு கூற்றைத் தள்ளினால் எந்த விகிதங்களில் முறை துல்லியமாக அமையும்? அமையுமா? கண்டறிந்து, கணிதம் கல்லாத ஒருவருக்கும் விளங்கும் வகையில் ஒரு பக்கத்தில் எழுதுக. எழுதியதை வகுப்பில் வேறொருவரிடம் கொடுத்து, அவர் எழுப்பும் வினாக்களை அதன்கீழ் அவர் கையாலேயே எழுதச் செய்க.

உங்கள் ஊரில் தச்சர், கொத்தர், நகைத்தொழிலாளர், தேங்காய் வணிகர் ஆகியோருள் ஒருவரை அணுகி, அவர் கையாளும் மனக்கணக்கு முறை ஒன்றைக் கேட்டறிக. அம்முறை எங்கே சரியாக வரும், எங்கே தவறும் என்பதை அவரோடு பேசி எழுதுக.